அரணும் அடுக்கும்: கண்டி மாநகரும் வெடிப்பைத் தாங்கும் சுவர்களும்

அரண் என்பது அரசின் உறுப்புக்கள் ஆறனுள் ஒன்றாகத் தமிழ் நூலோரால் எண்ணப்பட்டது. திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. நீர், வெளிநிலம், மலை, காடு என்னும் நான்கும் இயற்கை அரண்களாக அங்கு கூறப்படுகின்றன. அவற்றோடு மதிலின் உயரமும் அகலமும் திண்மையும் பகைவர் நெருங்குதற்கு அருமையும் வேண்டப்படுகின்றன. இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக அமைந்த நகரொன்றை ஈழநாட்டிற் காட்டவேண்டுமாயின் கண்டியைக் காட்டலாம். மூன்று பக்கமும் மகாவலி கங்கை சூழ, மலைகள் வேலியிட, அடர்வனம் வழிமறிக்க அமைந்த அந்நகர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்னும் மூவகை ஐரோப்பியரையும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எதிர்த்து நின்றது.

எனினும் வெடிமருந்தின் வரலாறு அரணின் பொருளை மாற்றியது. எறிபடையைத் தடுப்பது ஒன்று; வெடிப்பைத் தாங்குவது பிறிதொன்று. எறிபடை ஓரிடத்தைத் தாக்குவது. வெடிப்போ காற்றையே கருவியாக்கிச் சுவரின் பரப்பு முழுவதையும் ஒரு கணத்தில் அழுத்துவது. இதனைத் தாங்குவதற்குத் திண்மையும் கனமுமே வழியென மக்கள் நெடுங்காலம் கருதினர். கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் இக்கருத்துக்கு மாறான வேறொரு கொள்கை பொறியியலில் உருவாயிற்று. இரு மெல்லிய தகடுகளுக்கிடையே தேன்கூடு போன்றோ நுரை போன்றோ அறையறையான நடுப்படை ஒன்றை வைத்து அமைக்கும் இலகுவான பலகம், தன் திணிவுக்குச் சமமான திண்தகட்டிலும் மேலாக வெடிப்பைத் தாங்கக்கூடும் என்பதே அக்கொள்கை. வன்மை என்பது வளையாமையன்று, முறையாக நெரிந்துகொடுத்தலே எனக் கூறும் இக்கொள்கை வளர்ந்த வரலாற்றைக் கண்டியின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவு என்னும் அரண்

கண்டி அரசின் முதலாவது பாதுகாப்புத் தொலைவேயாகும். 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், மலைநாட்டுக்குச் செல்லும் வழிகளில் முட்செடிகளாலான கதவுகள் அமைக்கப்பட்டுக் காவலரால் காக்கப்பட்டமையை விவரிக்கின்றார். கடவத்தை எனப்பட்ட இத்தடைகள் பகைவரின் வேகத்தைக் குறைத்தன. அரசன் வேண்டுமிடத்து அவர்களைத் தாக்குதற்கு அவகாசம் அளித்தன. 1638ஆம் ஆண்டு கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்ததும், 1803இல் நகரைக் கைப்பற்றிய பிரித்தானியக் காவற்படை சில மாதங்களுள் அழிந்ததும் இத்தொலைவின் வெற்றிகளே. நகருள் பகைவர் புகுந்தபோது அரசன் நகரைவிட்டு அகல்வான். புனித தந்தமும் உடன் எடுத்துச் செல்லப்படும். 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டியுட் புகுந்து அரண்மனைக்கு அழிவு விளைத்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. கட்டடம் அழியலாம், அதன் உட்பொருள் அழியலாகாது என்பதே அக்காலக் கோட்பாடு எனலாம்.

வெடிமருந்து அக்காலக் கண்டிக்கு அந்நியமானதன்று. 1816 முதல் 1820 வரை இந்நாட்டில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜோன் டேவி, வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பியாவார். 1821இல் வெளிவந்த அவரது நூலில் தும்பறை மலைப்பகுதியில் மீமுறையை அடுத்துள்ள வெடியுப்புக் குகை விவரிக்கப்படுகின்றது. வௌவால்களின் எச்சம் படிந்த குகைச் சுவரின் சிதைந்த பாறையைச் சுரண்டி, இடித்து, மரச்சாம்பலுடன் கலந்து நீரில் ஊறவைத்து, வடிநீரைக் காய்ச்சி உப்பைப் படியச்செய்யும் முறை நாட்டவர் கைக்கொண்ட முறையாக இருந்தது. சாம்பலிலுள்ள பொற்றாசியம் குகைமண்ணின் நைத்திரேற்றுடன் சேர்வதால் வெடியுப்பு விளைகின்றது. கந்தகமும் கரியும் இதனோடு சேர வெடிமருந்தாகும். ஆயினும் இக்கருமருந்து துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பயன்பட்ட ஒன்று. அது விரைந்து எரிவது. பிற்கால உயர்வெடிபொருள்கள் எரிவதில்லை. அவற்றினூடாகப் பிரிகையலை வினாடிக்கு ஆயிரக்கணக்கான மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. ரி. என். ரி. என்னும் வெடிபொருளில் இவ்வேகம் ஏறத்தாழ வினாடிக்கு 6900 மீற்றர். இவ்வேறுபாடே சுவரின் சிக்கலை முற்றாக மாற்றியது.

திணிவு என்னும் அரண்

தலதா மாளிகையின் இன்றைய தோற்றம் பல அரசர்களின் பணிகள் அடுத்தடுத்துச் சேர்ந்தமைந்தது. முதலாம் விமலதர்மசூரியன் காலத்திலிருந்து அங்கு கோயில் இருந்து வந்துள்ளது. வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) கட்டிய ஈரடுக்குக் கோயிலே இன்றைய உட்கோயிலின் அடிப்படை. நாயக்க வமிசத்தின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் காலத்தில், 1802இல், எண்கோண வடிவான பத்திரிப்புவ எழுந்தது. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியின் கைவண்ணமெனப் போற்றப்படும் அலைச்சுவரும் முகிற்சுவரும் அக்காலத்தனவே. விளக்கேற்றுதற்கென முக்கோணத் துளைகள் நிரை நிரையாக இடப்பட்ட இம்மதில்கள் அழகுக்காக எழுந்தவை, போருக்காக எழுந்தவையல்ல. சுண்ணச் சாந்தால் இணைத்த செங்கற் சுவர், கருங்கற்றூண், கல்நிலை, மரக்கூரை, அதன் மேல் ஓடு என்பனவே மாளிகையின் கட்டுமானப் பொருள்கள்.

இத்தகைய சுவர் வெடிப்பை எதிர்ப்பது அதன் கனத்தாலேயாகும். வெடிப்பலையின் அமுக்கம் சுவரின் மீது சில ஆயிரத்தொரு பங்கு வினாடிகளே நிலைக்கின்றது. அமுக்கத்தை நேரத்தாற் பெருக்கிவருவது கணத்தாக்கு. அதனைச் சுவரின் திணிவால் வகுக்க, சுவர் பெறும் தொடக்க வேகம் கிடைக்கின்றது. சுவர் கனக்குந்தோறும் அதன் வேகம் குறையும். ஆனால் செங்கற் சுவர் அமுக்கத்தைத் தாங்குமளவுக்கு இழுவிசையைத் தாங்காது. ஒரு பக்கம் அழுத்தப்பட்டு மறுபக்கம் வளையும்போது வளைவின் வெளிப்புறத்தே வெடிப்புத் தோன்றுகின்றது. அலையொன்று சுவரினூடு சென்று மறுமுகத்திற் பட்டுத் திரும்பும்போது அம்முகத்தின் பூச்சும் கல்லும் பெயர்ந்து தெறிக்கின்றன. அவ்வாறு தெறிக்கும் துண்டுகளே உள்ளிருப்போருக்கு வெடியினும் பெரிய ஆபத்தாகின்றன.

1998ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வெடிபொருள் நிரப்பிய பாரவண்டியொன்று காவற்றடைகளை மோதிக்கடந்து மாளிகையின் வாயிலை அடைந்து வெடித்தது. குழந்தையொன்று உட்படப் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். தமிழீழ விடுதலைப் புலிகள் இத்தாக்குதலை நிகழ்த்தினரென அரசு கூறியது; அம்மாதமே அவ்வியக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. கண்டியில் நடத்தவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகையின் முகப்பும் கூரையும் வாயிலின் கல்வேலைப்பாடுகளும் பெருஞ்சேதமடைந்தன. நகரின் கட்டடங்கள் பலவற்றில் கண்ணாடிகள் நொறுங்கின. புனித தந்தம் வைக்கப்பட்ட உள்ளறைக்குக் கேடு நேரவில்லை. 1988இல் உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்ட நகரில், சரியாகப் பத்தாம் ஆண்டில், இந்நிகழ்ச்சி இடம்பெற்றது. இதற்கு முன்னர் 1989 பெப்ரவரியிலும் மாளிகை ஆயுதந்தாங்கியோரின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது. அத்தாக்குதல் தென்னிலங்கைக் கிளர்ச்சியுடன் தொடர்புடையது. எனவே அரணைப் பற்றிய இச்சிக்கலை ஓர் இனத்தின் மீது மாத்திரம் சுமத்தி நோக்குவது வரலாற்று நேர்மையாகாது. அதேபோல் 1998இன் அழிவைத் தமிழர் பேசாது கடந்து செல்வதும் நேர்மையாகாது.

சேதத்தினிடையே எதிர்பாராத கண்டுபிடிப்பொன்றும் நிகழ்ந்தது. சுவரின் மேற்பூச்சு உதிர்ந்தவிடத்து, அதன் கீழ் மறைந்திருந்த முற்கால ஓவியப் படைகள் வெளிப்பட்டன. தலைமுறைதோறும் பழைய பூச்சின் மீது புதுப்பூச்சிட்டு வரைந்து வந்தமையால் அச்சுவர் தானாகவே பல அடுக்குடையதாகியிருந்தது. வெளியடுக்கு உதிர்ந்தது, உள்ளடுக்கு எஞ்சியது. இதனைப் பொறியியற் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. பூச்சின் சில அங்குலம் பாரிய வெடிப்பைத் தடுக்கவல்லதன்று. ஆயினும் அடுக்கொன்று தன்னை இழந்து மற்றொன்றை எஞ்சவிடும் என்னும் கருத்துக்கு இதனினும் பொருத்தமான உவமை வேண்டுவதில்லை.

அடுக்கு என்னும் அரண்

அடுக்குப் பலகத்தின் கருத்து இயற்கையில் தொன்மையானது. கண்டிப் பெரகராவில் பேழை சுமந்து செல்லும் யானையின் மண்டையோடு முழுத்திண்மையான எலும்பன்று. மேலும் கீழும் இரு எலும்புத் தகடுகளும் இடையே காற்றறைகளும் கொண்ட அமைப்பாதலின், அத்துணைப் பெரிய தலையைக் கழுத்து சுமக்க முடிகின்றது. தென்னையின் உயரத்தினின்று விழும் காய் உடையாதிருப்பது அதன் மட்டையிலுள்ள நாரும் சோறும் நெரிந்து வீழ்ச்சியின் சக்தியை உட்கொள்வதாலாகும். பம்பளிமாசுப் பழத்தின் தடித்த வெண்தோலும் அவ்வாறே நுரைபோன்ற அமைப்புடையது. ஜெர்மானிய ஆய்வாளர் அதனை மோதலைத் தாங்கும் பொருள்களுக்கு மாதிரியாகக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். 1665இல் றொபேட் ஹூக் நுணுக்குக்காட்டி வழியே தக்கையை நோக்கி அதன் சிற்றறைகளைக் கண்டதும், அவற்றை அதன் இலகுத்தன்மைக்கும் நெரிதன்மைக்கும் காரணமாகக் கூறியதும் இவ்வறிவின் தொடக்கமெனலாம்.

இரு தகடுகளை விலக்கி வைப்பதன் பயனை எளிய கணக்காற் காணலாம். ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, இடையே கனமற்ற நடுப்படையொன்றை வைத்து, மொத்தத் தடிப்பை முன்னையதன் இருமடங்காக்கின் வளைவுக்கெதிரான விறைப்பு 7 மடங்காகின்றது. நான்கு மடங்காக்கின் 37 மடங்காகின்றது. தகட்டின் திணிவோ கூடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரும்புக் குழாய்ப் பாலங்களை ஆராய்ந்த வில்லியம் பெயர்பேர்ன் இத்தகைய அமைப்பின் அடிப்படையை உணர்ந்திருந்தார். ஆயினும் வானூர்தியின் வருகையே இதனைக் கட்டாயத் தேவையாக்கியது. ஜெர்மனியின் ஹூகோ யுங்கர்ஸ் தேன்கூட்டு அமைப்பை முதலாம் உலகப்போர்க் காலத்தில் எண்ணினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் டி புறூயின் 1938இல் ஒட்டுப்பசையால் தகடுகளையும் தேன்கூட்டு நடுப்படையையும் இணைக்கும் முறைக்கு உரிமை பெற்றார்.

இவ்விடத்தே கண்டி மீண்டும் வரலாற்றுள் நுழைகின்றது. 1940 நவம்பர் 25இல் முதன்முதல் பறந்த மொஸ்கிற்றோ என்னும் பிரித்தானியப் போர்வானூர்தியின் உடற்பகுதி, பேர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டனிடையே பால்சா மரத்தை வைத்து ஒட்டியமைக்கப்பட்டது. பால்சா மிக இலேசானது. அதன் உள்ளமைப்பும் அறையறையானது. அடுக்குப் பலகத்தின் முதற்பெரும் வெற்றியாக அவ்வூர்தி கொள்ளப்படுகின்றது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொணர்ந்தார். பின்னர் பல்கலைக்கழகம் எழுந்த நிலத்துக்கு அயலேயிருந்து பர்மாப் போர் நடத்தப்பட்டது. அத்தலைமையின் கீழ்ப்பட்ட போர்க்களத்திலேதான் மொஸ்கிற்றோவின் குறை வெளிப்பட்டது. 1944இன் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஊர்திகள் சிலவற்றின் இறக்கைகள் பறக்கையில் சிதைந்தமையால் அவை பறப்பது தடைசெய்யப்பட்டது. வெப்பமும் ஈரமும் மாறிமாறிப் பசையைத் தளர்த்தினவா, அன்றி ஒட்டும்போது இடைவெளிகள் விடப்பட்டனவா என்பதில் ஆராய்ந்தோர் கருத்து வேறுபட்டனர். எவ்வாறாயினும் ஒரு பாடம் நிலைபெற்றது. அடுக்குப் பலகத்தின் உயிர்நிலை தகட்டிலுமில்லை, நடுப்படையிலுமில்லை. இரண்டையும் பிணைக்கும் ஒட்டிலேயே உள்ளது. ஒட்டு விடுபடின் பலகம் இரு தனித்தகடுகளாகிவிடும். 37 மடங்கு விறைப்பும் அக்கணமே இல்லாதொழியும். பருவமழையும் பனிப்புகாரும் ஆண்டு முழுதும் மாறிவரும் மலைநாட்டுக்கு இப்பாடம் இன்றும் உரியது.

நெரிதலின் பெளதிகம்

வெடிப்பைக் குறித்த அறிவு இதற்கிணையாக வளர்ந்து வந்தது. பேட்ரம் ஹொப்கின்சன் 1915இலும், பின்னர் கிரான்ஸ் என்னும் ஜெர்மானியரும் வகுத்த அளவீட்டு விதி குறிப்பிடத்தக்கது. வெடிபொருளின் திணிவு எட்டு மடங்கானால் அதே உச்ச அமுக்கம் இருமடங்கு தொலைவில் ஏற்படும் என்பது அதன் சாரம். இதன்படி 1 கிலோகிராம் வெடிபொருள் 1 மீற்றர் தொலைவில் விளைக்கும் அமுக்கத்தை 343 கிலோகிராம் 7 மீற்றர் தொலைவில் விளைக்கும். ஏனெனில் 343 என்பது 7இன் கனம். பாரவண்டியளவான வெடிபொருளையும் சில மீற்றர் இடைவெளி மிகப்பெரிதும் வலிகுன்றச் செய்யும் என்பது இவ்விதியின் நடைமுறைப் பொருள். நொக்ஸ் கண்ட முட்கதவின் கருத்து இங்கு கணிதமாகி நிற்கின்றது.

1941இல் ஜி. ஐ. ரெயிலர் மற்றொரு உண்மையை வெளிப்படுத்தினார். அலையொன்று தகட்டிற் பட்டுத் திரும்பும்போது தகடு அசையாது நிற்பின் முழுக் கணத்தாக்கும் அதன்மேல் ஏறும். தகடு இலகுவானதாகி விரைந்து பின்வாங்கின் அமுக்கம் உடனே தணியும். ஆகவே அது பெறும் கணத்தாக்கும் குறையும். நீரினுள் நிகழும் வெடிப்பில் இப்பயன் மிகப் பெரிது. காற்றில் நிகழும் வெடிப்பில் அது சிறிதே. காற்றின் அடர்த்தி குறைவாதலின் சாதாரண உலோகத்தகடு அதற்கு எப்போதும் கனமானதாகவே தோன்றும். அடுக்குப் பலகத்தைப் புகழ்வோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

காற்றில் இப்பலகத்தின் வலிமை முதன்மையாக நெரிதலிலேயே தங்கியுள்ளது. 1988இல் லோர்ணா கிப்சனும் மைக்கல் அஷ்பியும் வெளியிட்ட நூல், அறைத்திண்மங்கள் எனப்படும் நுரைகளையும் தேன்கூடுகளையும் ஒரே கொள்கையின் கீழ்க் கொணர்ந்தது. இவ்வகைப் பொருளை அழுத்தின் முதலில் அது விறைத்து நிற்கும். பின் அறைச்சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கத் தொடங்கும். அவ்வேளை தகைப்பு ஏறாது ஏறத்தாழ ஒரே அளவில் நீண்டநேரம் நிற்கும். அறைகள் யாவும் மூடுண்டபின் மீண்டும் கடுமையாக ஏறும். நடுவிலுள்ள இச்சமதளத்திலேயே சக்தி உட்கொள்ளப்படுகின்றது. 1969இல் சந்திரனில் இறங்கிய கலத்தின் கால்களுக்குள் நெரியும் அலுமினியத் தேன்கூடுகள் வைக்கப்பட்டமையும் இக்காரணத்தாலேயே.

2004இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நோர்மன் பிளெக்கும் இந்திய வழியினரான விக்ரம் தேஷ்பாண்டேயும் அடுக்கு வளையின் நடத்தையை மூன்று கட்டங்களாகப் பகுத்தனர். முதலில் அலை முன்தகட்டுக்கு உந்தத்தை அளிக்கின்றது. இரண்டாவதாக முன்தகடு நடுப்படையை நெரித்துப் பின்தகட்டுடன் ஒரே வேகத்தை அடைகின்றது. மூன்றாவதாகப் பலகம் முழுவதும் வளைந்தும் நீண்டும் எஞ்சிய சக்தியைத் தீர்க்கின்றது. இரண்டாம் கட்டத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முன்தகட்டின் திணிவு பலகத்தின் மொத்தத் திணிவில் மூன்றிலொரு பங்கு எனக் கொள்வோம். உந்தம் மாறாது நிற்க, திணிவு மும்மடங்காவதால் வேகம் மூன்றிலொன்றாகின்றது. இயக்கசக்தியும் தொடக்கத்திலிருந்ததன் மூன்றிலொரு பங்காகின்றது. மீதி மூன்றில் இரண்டு பங்கு நடுப்படையின் நெரிவில் அடங்கிவிடுகின்றது. அச்சக்தி காவலுக்குரிய அறையினுட் செல்வதில்லை. அலுமினிய நுரையாலான உருளைகளைத் துப்பாக்கிக்குழலால் வளைகளின் மீது எறிந்து வெடிப்பின் கணத்தாக்கை ஒத்த தாக்குதலை உண்டாக்கிய பரிசோதனைகள், சமதிணிவுள்ள திண்வளையிலும் அடுக்குவளை குறைவாகவே வளைந்ததைக் காட்டின.

எனினும் இப்பயனுக்கு எல்லையுண்டு. நடுப்படை மெல்லியதாயின் அறைகள் விரைவில் மூடுண்டு, முன்தகடு முழுவேகத்துடன் பின்தகட்டிற் சென்று மோதும். அப்போது பின்னே கடத்தப்படும் தகைப்பு நடுப்படை இல்லாதபோது இருந்ததினும் கூடிவிடுவதுண்டு. நடுப்படை மிக வலியதாயின் நெரியாமலே தாக்கத்தைக் கடத்திவிடும். மிக மெலியதாயின் ஒன்றையும் உட்கொள்ளாது மூடிவிடும். பல்தேர் நுரையாலான மலிவான நடுப்படைகள் தீக்கு எளிதில் இரையாவன. ஆகவே இலகுவான பலகம் எவ்வெடிப்பையும் தாங்கும் மந்திரக் கவசமன்று. குறித்த திணிவும் குறித்த தொலைவும் கொண்ட தாக்குதலுக்கென அளந்து அமைக்கப்படவேண்டிய கருவியாகும். வெடிப்பும் கட்டமைப்பும் பற்றி மெல்பேண் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியன் மென்டிஸ் முதலானோர் 2007இல் எழுதிய மேலோட்டக் கட்டுரை, தொலைவைப் பேணுதலையும் கட்டமைப்பின் நெகிழ்வையும் சேர்த்தே நோக்குதல் இதனாலேயே பொருத்தமுடையது.

மரபுரிமை நகரில் அடுக்கின் இடம்

மாளிகையின் சேதம் 1999ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் சீர்செய்யப்பட்டது. மரபுவழிக் கற்சிற்பியரும் ஓவியரும் தொல்லியலறிஞரும் அப்பணியில் ஈடுபட்டனர். பொதுமக்களின் நன்கொடை பெருமளவிற் குவிந்தது. சீரமைத்தோரின் முன் நின்ற வினா எளிதன்று. மீண்டுமொரு வெடிப்பைத் தாங்குமாறு சுவரை வலுப்படுத்துவதா, பழையவாறே கட்டுவதா என்பதே அது. மரபுரிமைக் கட்டடத்தின் மீது உலோகப் பலகங்களைப் போர்த்துவது அதனைப் பாதுகாத்தலாகாது, அதனை வேறொன்றாக்குவதாகும். ஆகவே பழமை பழமையாகவே மீட்கப்பட்டது. பாதுகாப்போ மீண்டும் தொலைவிடமே ஒப்படைக்கப்பட்டது. மாளிகையின் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதனால் நகரின் போக்குவரத்து நெரிசல் மிகுந்ததெனவும், வீதியைத் திறக்கவேண்டுமெனவும் குடிமக்களிடையே நெடுங்காலம் விவாதம் நிகழ்ந்தது. தொலைவு இலவசமன்று. ஒரு கட்டடத்தின் பாதுகாப்புக்கான விலையை அந்நகரில் நாள்தோறும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்வோர் தம் நேரத்தாற் செலுத்துகின்றனர்.

இங்கே அடுக்குப் பலகத்தின் உரிய இடம் எதுவெனத் தெளிவாகின்றது. கோயிலின் சுவரில் அதற்கு இடமில்லை. தாக்குதலை முதலில் எதிர்கொள்ளும் காவற்கூடங்கள், சோதனை நிலையங்கள், தற்காலிகத் தடுப்புக்கள் ஆகியவற்றிலேயே அதற்கு இடமுண்டு. அவை இலேசாக இருத்தல் வேண்டும். இடம்பெயர்க்கவும் தேவையற்றபோது அகற்றவும் கூடியனவாதல் வேண்டும். ஒருமுறை நெரிந்தபின் மாற்றத்தக்கனவாதலும் வேண்டும். இவ்வியல்புகள் யாவும் அடுக்குப் பலகத்துக்கு உண்டு. கற்சுவருக்கு இல்லை. வெடிப்பின்போது முதலில் இறப்போர் வாயிலில் நிற்கும் காவலரும் வழிபடவந்த எளியோருமே என்பதை நோக்குமிடத்து, கட்டடத்தைக் காக்கும் சுவரைவிட மனிதரைக் காக்கும் பலகமே முதன்மை பெறவேண்டும் என்பது வெளிப்படை.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது அதன் சுவர்கள் பெரும்பாலும் நின்றன. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1998இல் கண்டியில் முகப்பு சிதைந்தது, உட்பொருள் எஞ்சியது. அரண் எதனைக் காக்கின்றது என்னும் வினாவுக்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் எதிரெதிரான விடைகளைத் தருகின்றன. சுவர் நின்றும் பொருள் அழியலாம். சுவர் சிதைந்தும் பொருள் எஞ்சலாம். காக்கவேண்டியவரே அழிக்கத் துணியும்போது எவ்வகைத் தேன்கூடும் எவ்வகை நுரையும் பயனளிக்கமாட்டா. பொறியியல் காற்றின் அமுக்கத்தை அளக்கும். சமூகத்தின் அமுக்கத்தை அளக்கும் கருவி அதனிடம் இல்லை.

முடிவாக நோக்குமிடத்து, கண்டியின் அரண் வரலாறு தொலைவில் தொடங்கித் திணிவைக் கடந்து அடுக்கை நோக்கி வந்துள்ளது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை நீக்கிவிடவில்லை. முட்கதவின் இடத்தில் வீதித்தடை நிற்கின்றது. கற்சுவர் தன் இடத்திலேயே நிற்கின்றது. அடுக்குப் பலகம் அவ்விரண்டுக்கும் இடையே நின்று உயிர்களைக் காக்கவல்லதாக உள்ளது. அப்பலகத்தின் வலிமை அதன் ஒரு தகட்டிலன்று, வேறுபட்ட படைகளைப் பிரியாது பிணைக்கும் ஒட்டில் இருப்பதை 1944இன் வெப்பமும் ஈரமும் உணர்த்தின. ஒட்டு விடுபட்ட பலகம் எத்துணை வலிய தகடுகளைக் கொண்டிருப்பினும் முதல் அதிர்ச்சியிலேயே பிளவுபடும். பல படைகளாலான இந்நாட்டுக்கும் இவ்விதி புறம்பானதன்று.